பதினோராவது டீ

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, நாலு மணி.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
டைப்ரைட்டிங் வகுப்பு நடக்கிற அறை.
உறை போட்ட மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு
அந்த ஸ்டூல்களிலேயே உட்காருவோம்.
முதுகு சாய்க்க இடமில்லாததால்தான்
கடலூரில் நீள்கவிதை வளரவில்லை
என்பாள் கமருன்னிசா.

எனக்கு சிப்காட்டில் காலை ஷிப்ட்.
எத்தனை சோப்பு போட்டாலும்
அழுகிய முட்டையும் நகப்பூச்சும் கலந்த ஒரு நெடி
சட்டைக்குள் என்னோடு படியேறும்.
முதல் நாள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.
அமலோற்பவம் எழுந்துபோய் ஜன்னலை மட்டும் திறந்தாள்.
கெடிலத்துக் காற்று உள்ளே வந்தது.
அது என் சட்டையைவிட மோசம்.
எல்லோரும் சிரித்தார்கள்,
நானும்.
அப்படித்தான் சேர்ந்தேன்.

படிவம் கிடையாது. சந்தா கிடையாது.
டீக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்.
இருசப்பன் மாடிப்படியில் நின்று தலைகளை எண்ணி
எதிர்க்கடைக்கு விரல் காட்டுவார்.
இரண்டு கையும் விரித்தால் பத்து.
பிறகு ஒரு கட்டைவிரலைத் தனியாக ஆட்டுவார்.
அந்தக் கட்டைவிரல் நான்.

ஆடியில் சண்டை வந்தது.
தானே புயலை எழுதியிருந்தேன், முப்பத்தெட்டு வரி.
காடாம்புலியூரில் அப்பாவின் ஒன்றரை ஏக்கர்
ஒரே ராத்திரியில் படுத்துக்கொண்டதை.
முடிவு இப்படி:
வேரோடு சாய்ந்த முந்திரிக்கு அடியில்
விடிந்தும் விடியாமல் கிடந்தது என் தேசம்.

தெய்வசிகாமணிக்கு மின்வாரியத்தில் வேலை.
வெள்ளை அட்டையில் யூனிட் எழுதுகிற அதே பேனாவால்
ஒரு கோடு போட்டார்.
“தேசமெல்லாம் வேணாம்யா.
மரம் சாஞ்சுது. அதோட நிறுத்து.”

“கவிதை என்ன ஃப்யூஸ் கேரியரா,
பணம் கட்டலன்னு புடுங்கிட்டுப் போவ?” என்றேன்.
செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஒன்று அமலோற்பவத்தின் அண்ணனுடையது.
இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆவணி போனது. புரட்டாசி போனது.
ஞாயிறு நாலு மணிக்கு
தேவனாம்பட்டினம் மணலில் உட்கார்ந்திருந்தேன்.
நோட்டில் வட்டிக் கணக்குதான் வந்தது.
தானே கவிதையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.
“நல்லாருக்கு” என்றாள்.
அதைவிடக் கடுமையாக என்னை
யாரும் விமர்சித்ததில்லை.

ஐப்பசி மழை. வண்டி நின்றுவிட்டது.
வேண்டுமென்றே அங்கே நிற்கவில்லை, நம்புங்கள்.
ஒதுங்கிய இடம் அந்த டீக்கடை.

“இன்னா சார், மேல இல்லாம இங்க நிக்கிறீங்க?”
டம்ளர் கழுவியபடி பாவாடை கேட்டான்.
“நான் வர்றதில்லப்பா, மூணு மாசமா.”
“பதினொண்ணுதான சார் போவுது?”
“ஆள் பத்துதான் இருப்பாங்க.”
“மீட்டர் சார் ரெண்டு குடிப்பாரு.
ஒண்ணு சூடா.
இன்னொண்ணு கடைசியில, ஆறிப்போயி.”
“காசு?”
“அவருதான்.”

மழை விடவில்லை.
பதினோராவது டம்ளரை நானே எடுத்துக்கொண்டு
சாலையைத் தாண்டினேன்.
டீயில் ஏழெட்டுத் துளி விழுந்திருக்கும்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை.
கமருன்னிசா ஒரு ஸ்டூலிலிருந்து தன் பையை எடுத்துக்
கீழே வைத்தாள். அவ்வளவுதான்.
தெய்வசிகாமணி படித்துக்கொண்டிருந்தார்.
போன இடமெல்லாம் ‘டோர் லாக்’ என்று குறித்துக்கொண்டு
வெயிலில் திரும்பி வந்த ஒரு தெருவைப் பற்றி.
பூட்டிய வீட்டுக்கும்
குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்று வந்தது.
எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.
அதோடு விட்டாரா?
வாழ்க்கையும் அப்படித்தானே என்று
இன்னும் இரண்டு வரி.

பேனாவுக்குக் கையை நீட்டினேன்.
“வாழ்க்கை வேணாண்ணே.
கட்டணத்தோட நிறுத்துங்க.”

அறை அமைதியானது.
ஒரு மிஷினின் உறை காற்றில் அடித்துக்கொண்டது.
அவர் என்னை முறைத்தார்.
தாளைப் பார்த்தார்.
பழக்கதோஷத்தில் என் டம்ளரை எடுத்து
ஒரு வாய் குடித்தார்.

“சூடாருக்கு” என்றார்,
ஏதோ குறை சொல்வதுபோல.