பெருவிரல் முறை

ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து தெருவரை தொங்குகிறது
எங்கள் நீல நைலான் கயிறு.
கீழ் நுனியில் காகிதம் கவ்வும் இரும்புக் கிளிப்,
மேல் நுனியில் உடைந்த சைக்கிள் மணி.
பகலில் அதற்கு ஓய்வே இல்லை.
மோஹிங்காப் பொட்டலம் ஏறும், கரண்ட் பில் ஏறும்,
கதிரேசன் மறந்துபோன கணக்கு நோட்டு
அவன் தலைக்கு நேரே இறங்கும்.
ஒருமுறை பெரிய மச்சாண்டாரின் பல்செட்டு
கைக்குட்டைக்குள் சிரித்தபடி இறங்கியது,
டாக்ஸி காத்திருந்தது, அவரால் மறுபடி ஏற முடியாது.

ரங்கூனில் மாடிக்கு மாடி இப்படிக் கயிறு உண்டு.
எங்களுடையது இராத்திரி வேலைக்கும் போகிறது.

பதின்மூன்று பேர், ஒரு குளியலறை.
பல் துலக்கும் பிரஷ்களுக்குக் கழுத்தில் கலர் நூல்,
எனக்கு ஊதா; யாரோ அவிழ்த்து மாற்றுகிறார்கள்,
யாரென்று தெரியும், சொல்லமாட்டேன்.
குக்கர் கைப்பிடி போன இடத்தில்
கம்பியால் கட்டிய ஆப்பைக்காம்பு.
இதையெல்லாம் சமாளித்துவிடலாம்.
தண்ணீர்தான் சமாளிக்க விடாது:
கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற பம்ப் ஓடவேண்டும்,
பம்ப் ஓட கரண்ட் வேண்டும்,
கரண்ட் ஒன்றரைக்கு வரும், மூன்றுக்கும் வரும்,
வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

அதனால் கயிற்றின் மேல் நுனியை
இரவானால் ஒரு பெருவிரலில் கட்டுகிறோம்.
டீக்கடை பெஞ்சில் படுக்கும் மௌங் லின்
தலைக்குமேல் பல்பு எரிந்ததும் இரண்டு இழுப்பு இழுப்பான்.
சம்பளம், வெள்ளிதோறும் ஆறு மசால்வடை.
யார் விரல் என்று நாள்காட்டியின் முதுகில் எழுதி
சோற்றுப்பருக்கையால் கதவில் ஒட்டியிருக்கிறது.
செவ்வாய் நான்.
புதன் என் வீட்டுக்காரர்;
ஆனால் அவர் கால் இழுத்தாலும் எழாத கால்,
ஆகவே புதனும் நான்.
பழைய சாக்ஸை வெட்டி விரலுக்கு உறை தைத்தேன்.
அதையும் இப்போது எல்லோரும் போடுகிறார்கள்,
துவைப்பதுதான் யாருமில்லை.

வியாழன் மங்கையுடையது, என் நாத்தனார்.
பாஸ்போர்ட்டில் மா சான் யீ.
தை மாதம் எல்லை தாண்டி மகாச்சாய் போனாள்,
இறால் உரிக்கிற ஆலை.
பேரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை.
முதல் வியாழன் கயிறு சும்மா தொங்கியது,
வெள்ளிக்கிழமை பதின்மூன்று,
இல்லை, பன்னிரண்டு பேர்
அரை வாளியில் முகம் கழுவினோம்.
அன்று வடை சுடவில்லை.
மௌங் லின் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

அடுத்த வியாழன் இரவு இரண்டே கால்.
அலமாரிமேல் வெறும் பித்தளைச் சொம்புக்குள்
சத்தம் பெருகட்டும் என்று போட்டுவைத்த போன்
கோயில் மணிபோல் அதிர்ந்தது.
மங்கை.
"கரண்ட் வந்திருச்சு அண்ணி, எந்திரிங்க."

உனக்கு எப்படிடி தெரியும்?

கயிற்றை இழுத்துப் பார்த்தானாம் மௌங் லின்,
காலே இல்லாத கயிறு.
அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தானாம்.
ராத்திரி ஷிஃப்டில், இறால் நாற்றக் கையுறையை உருவிவிட்டு
கழிவறைக்குள் நின்று எங்களை எழுப்புகிறாள்.
கீழ்வீட்டு பெஞ்சிலிருந்து எங்கள் படுக்கைக்குச் சேதி
இன்னொரு நாட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

பம்பைப் போட்டேன்.
"வைக்காதீங்க, கேட்கட்டும்" என்றாள்.
குழாய் முதலில் இருமியது,
பிறகு காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு தண்ணீர்.
"மஞ்சள் டிரம்தானே?"
ஆமாம்.
"அடியில ஒழுகுமே, சோப்பு அடைச்சீங்களா?"
குனிந்து பார்த்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது.
வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன், அடைச்சாச்சு என்று.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் பேச்சில்லை.
"இல்ல அண்ணி, சொட்டுது" என்றாள்.