ஒரு கை தள்ளி

மார்த்தாண்டம் இரும்புப் பாலத்துக்கு அடியில்
பெர்ஜின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
மேலே லாரி. கீழே ஹார்ன்.
சந்தை வாசலில் யாரோ திருவிழா மைக்கைச் சோதிக்கிறார்கள்:
ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு.
அவன் காதைப் பொத்தி
நெற்றியை முட்டில் இடித்துக்கொண்டிருக்கிறான்.

"குடிச்சிருக்கானாக்கும்."
"இரும்புச் சாவி உண்டா, கையில குடுங்க."
"எடே, மூஞ்சியில தண்ணி தெளி."
ஒருவர் அன்பாகத்தான் தோளைப் பிடித்து உலுக்கினார்.
அந்த அன்பு எனக்குத் தெரியும்.
தொட்ட இடம் ராத்திரி வரைக்கும் எரியும்.

நான் பழமண்டியில் கணக்கு எழுதுகிறவள்.
கூட்டத்தில் எனக்கும் பேச்சு வராது.
"தொடாதீங்க" என்றேன். இரண்டாம் முறை சொல்லக்
குரல் இல்லை.
சாக்கை விரித்து அவனுக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தேன்,
அவன் பார்க்கும் பக்கமே பார்த்து.
பிறகு, விலை வாசிக்கிற குரலில்:
மட்டி.
செந்துளுவன்.
ஏத்தன்.
பேயன்.
பாளையங்கோட்டான்.
மறுபடி மட்டி.

ஆறாவது சுற்றிலோ ஏழாவது சுற்றிலோ
"ரசகதலிய விட்டுட்ட" என்றான்.
கூட்டம் சிரித்தது.
விட்டதை விட்டது என்று சொல்வதில் என்ன சிரிப்பு?

போன ஆனியில், அம்மா கிடத்தியிருந்த வீட்டில்
எனக்கு அழுகை வரவில்லை.
"கல்லு மனசு" என்றார்கள், எனக்குக் கேட்கும்படி.
அடுக்களைக் கதவுக்குப் பின்னால்
வார்த்தை தீர்ந்து நின்றேன்.
பெர்ஜின் வந்தான். ஆறுதல் ஒன்றும் கொண்டுவரவில்லை.
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்;
சட்டைப்பையிலிருந்து செம்புக் கம்பியை எடுத்துத்
தன் விரலில் சுற்றி எண்ணத் தொடங்கினான்.
நானூற்றுப் பன்னிரண்டில் எனக்கு மூச்சு வந்தது.
ஐந்நூறில் அழுகை.
அதற்கும் அவன் நிறுத்தவில்லை.
ஐந்நூற்று ஒன்று.

தக்கலை ஹாஜிரா வாயால் பேசுவதில்லை, போனில் தட்டுவாள்.
பச்சை ரப்பர் பாண்ட் அவள் யோசனை:
மணிக்கட்டில் அது இருந்தால்
இன்று பேச்சு இல்லை, சாப்பாடு உண்டு.

எல்லாம் ஒத்துப்போகிறது என்று நினைக்க வேண்டாம்.
என் முனகல் பெர்ஜினுக்கு ஆகாது.
அவன் எண்ணுவது ஹாஜிராவுக்குச் சில நாள் ஊசி.
ஒருவர் எழுந்து தள்ளிப் போவார்.
கோபத்தில் போகவில்லை என்று மற்ற இருவருக்கும் தெரியும்.
தெரியாவிட்டால் கேட்போம். அவ்வளவுதான்,
கேட்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு அல்ல.

ஞாயிறு. மாத்தூர் தொட்டிப்பாலம்.
கண்ணைப் பார்த்துப் பேசு, கண்ணைப் பார்த்துப் பேசு
என்று வளர்க்கப்பட்ட மூன்று பேர்
பறளியாற்றைப் பார்த்துப் பேசுகிறோம்.
ஹாஜிரா போனை நீட்டினாள்:
"அந்தச் சந்தை ஆள் நல்லவர்தான்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்."
பெர்ஜின் யோசித்தான்.
ஒரு சுற்றுலா வேன் வந்து, படம் எடுத்து, போய்விட்டது.
அதன் பிறகு சொன்னான்:
"பாக்கெட்டுல."