அரை இஞ்ச்

வில்லாபுரம் வீட்டில்
குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது
மாசியில்.
"ஒரு வாஷர் மாத்தணும், அம்புட்டுத்தான்"
என்று சொன்னவன் நான்தான்.

சித்திரையில் அடியில் ஒரு வாளி வைத்தேன்.
சொட்டுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்க,
வாளிக்குள் ஒரு பழைய துண்டு.
துண்டில் பாசி பிடிக்க,
வாரம் ஒருமுறை அதைத் துவைத்தேன்.
வாளி வழிவதற்குள் எழுந்து ஊற்ற
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.
அந்தத் தண்ணீரிலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்று
இடுப்பளவு வளர்ந்துவிட்டது.
சோம்பேறி என்கிறாள் பவுனுத்தாய்.
சோம்பேறிக்கு
இத்தனை வேலை இருக்குமா?

கீழமாசி வீதிப் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.
போக வர நெல்பேட்டை வழிதான்.
ஜபருல்லா ஹார்டுவேர்ஸ் வாசலில்
வண்டியை மெதுவாக்குவேன்,
ஒரு காலைக்கூட ஊன்றுவேன்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும்.
நல்லவேளை அடித்தான் என்று
கிளம்பிவிடுவேன்.

ஒரே ஒருநாள் இறங்கினேன்.
"வாஷர் வேணும் பாய்."
"அரையா, முக்காலா?"
தெரியவில்லை.
"பாத்துட்டு வர்றேன்."
அந்த 'வர்றேன்' வந்து சேர
ஐப்பசி ஆனது.

நாலு ரூபாய்க்கு நான் பயப்படவில்லை.
வீட்டுக்கு வாங்கி இருபது வருஷமான குழாயின் அளவு
தெரியாமல் பேந்தப் பேந்த முழித்தேனே,
அந்த முழிப்பை இன்னொருமுறை முழிக்கத்தான்
எட்டு மாதம் பயந்தேன்.

ஐப்பசியில் எங்கோ மெயின் குழாய் உடைந்து
ஏழு நாள் கார்ப்பரேஷன் தண்ணீர் இல்லை.
தொட்டி காய்ந்தது.
சொட்டு நின்றது.
"பாத்தியா, தானா நின்னுருச்சு" என்றேன்.
பவுனுத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
இரண்டு குடத்தோடு லாரிக்குப் போனாள்.

வால்வு துருப்பிடித்திருக்கு, அடைக்க முடியாது
என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.
தண்ணீரே இல்லாத குழாய்க்கு
அடைக்க என்ன இருக்கிறது?
கீழ்வீட்டு ஜெசிந்தா டீச்சரிடம்
ஸ்பேனர் இருந்தது.
கழற்றினால் உள்ளே
எலி கொறித்த மாதிரி ஒரு கறுப்பு ரப்பர்.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நெல்பேட்டை போனேன்.

பாய் எதுவும் கேட்கவில்லை.
பழசை விரலால் ஒரு நசுக்கு,
தகர டப்பாவுக்குள் ஒரு துழாவல்.
"நாலு ரூவா."
மீதி ஒரு ரூபாய்க்குப் புளிப்பு மிட்டாய்.
மாட்டி முடிக்கப் பதினோரு நிமிடம்.
மிட்டாய் இன்னும் வாயில் இருந்தது.

அன்று ராத்திரி தண்ணீர் வந்தது.
ஒரு சொட்டு விழவில்லை.
தூக்கமும் வரவில்லை.
அந்தச் சத்தத்துக்குப் பின்னால்
இத்தனை நாள் பதுங்கியிருந்ததெல்லாம்
வரிசைகூட இல்லாமல் வந்தது:
கடைவாய்ப் பல்,
ரேஷன் கார்டில் பெயர் திருத்தம்,
ஒச்சு.

ஒச்சு என் தம்பி.
உசிலம்பட்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கர்.
போன ஆடிக்கு முந்தின ஆடி
கிணற்று மோட்டாரில் ஆரம்பித்த பேச்சு
அம்மா நகை வரை போனது.
நாளைக்குப் பேசலாம் என்று வைத்த போனை
நான் இன்னும் எடுக்கவில்லை.
என்ன சொல்லி ஆரம்பிப்பது?
அதற்கு என்ன அளவு?

இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது.
எழுந்துவிட்டேன்.
ஊற்ற வாளி இல்லை.
மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான்;
இந்நேரம் அவன்
கிணற்றடியில் முழித்திருப்பான்.

மூன்றாவது மணியில் எடுத்தான்.
"என்னண்ணே, இந்நேரத்துல?
யாருக்கும் என்னமும்...?"
"ஒண்ணுமில்லடா.
குழாய்க்கு வாஷர் மாத்துனேன்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம்,
வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம்.
கொஞ்ச நேரம் அது மட்டும்தான்.

"அரையா, முக்காலா?"

"அரை" என்றேன்.

"முக்கால்னா எங்கிட்டயே கெடந்துச்சு"
என்றான்.