டீசல் இருந்துச்சு

டீசல் இருந்துச்சு வே.
அதை முதல்லயே சொல்லிப்புடுதேன்.
மண்டபத்து மேனேஜர் கேட்டப்ப இல்லன்னேன்,
அது வேற.

வீரவநல்லூர். ஆவணியில ஒரு வரவேற்பு.
பின்பக்கம் உடைமரத்தடியில என் ஜெனரேட்டர் வண்டி.
மேடையில செல்வின் மெல்லிசைக் குழு.
பொண்ணும் மாப்பிள்ளையும் கால் கடுக்க நின்னு
கவர் வாங்கிக்கிட்டு இருந்தாவ.

டிரம்ஸ்ல ஜெமிலா.
சமாதானபுரத்துப் பிள்ளை,
பகல்ல ஸ்கேன் சென்டர்ல ரசீது போடுதா.
இலை முன்னால உக்காந்தாலும் வலது கால் சும்மா இருக்காது.
செல்வினுக்கு அவ மேல ஒரே குறை:
"உருட்டவே மாட்டேங்கா.
உருட்டுனாத்தானே சனம் கைதட்டும்?"

ஒரு தடவை, வேன் கங்கைகொண்டான் தாண்டையில,
இயர்போன்ல ஒண்ணை எனக்குத் தந்தா.
அறுபத்துச் சொச்சத்துல அமெரிக்காவுல பதிஞ்சதாம்.
பாட்டு எங்க இருக்குன்னே பிடிபடல.
ஒருத்தன் கத்துதான், நாலு பேர் ஊதுதான்,
சட்டுனு எல்லாரும் நிப்பாட்டுதான்.
பொறவு டிரம்ஸ் மட்டும்.

"நம்ம மிஷின் சூடேறி
நெதானத்துக்கு வந்த சத்தம் மாரி இருக்கு" ன்னேன்.
கோவிப்பான்னு பாத்தா, "ஆமாண்ணே" ன்னா.

"ஒண்ணுல எல்லாரும் வந்து சேந்திரணும்.
நடுவுல எங்கயும் சுத்திட்டு வா, யார் கேட்டா?
ஒண்ணுக்கு வீட்டுல இருக்கணும்.
இப்ப அந்த இடது கையைக் கேளுங்க."
கேட்டேன். ஒண்ணும் கேக்கல.
"அதான் பேய்த்தட்டு.
அடிச்சது கேக்கப்படாது.
அடிக்காம விட்டா தெரிஞ்சிரணும்."

மடையை அடைச்ச பொறவும்
வரப்புக்கடியில ஈரம் நடக்குமே, அதா?
கேக்கல நான். வேன் குலுங்குச்சு.

அந்த ஆளு அடிச்ச கொஞ்ச நேரத்தை
உலகமே வெட்டி எடுத்து
ஆயிரம் பாட்டுல ஒட்டிக்கிட்டாம்.
"அவருக்கு என்ன கெடச்சுது?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.
அவளுக்கு அன்னைக்கு ஆயிரத்து இருநூறு,
சாப்பாடு தனி.

அதுக்குத்தான் வாறேன்.
எட்டே முக்காலுக்குக் கரண்டு போச்சு.
கீபோர்டு செத்துது. பேஸ் கிட்டார் வெறுங்கம்பி.
பாடுதவன் வாய் மட்டும் அசைஞ்சிருக்கும்,
இருட்டுல யாருக்குத் தெரியும்?
ஜெமிலா நிப்பாட்டல.

சாவியில கை வச்சிட்டேன் வே.
திருக்கல.

ஸ்பீக்கர் பெட்டி உயிரோட இருந்த வரைக்கும்
ஒரு நாளும் காதுல விழாத அந்த இடது கை
சுவரைத் தாண்டி வந்துச்சு.
தொட்டும் தொடாம,
தூங்குத பிள்ளை முதுகுல தட்டுத மாரி.
அதுக்கு ஊடால ஒரு சவுக்கடி.
பொறவு ஒண்ணு.
ஒண்ணுல தரை அதிந்துச்சு:
உள்ள முந்நூறு பேர் கால் வச்சிட்டான்.
பாயசத்து வாளிக்காரன் கரண்டியால வாளி விளிம்புல
ஒரு தட்டு தட்டுனான்,
தப்பான இடத்துல. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

உருட்டலை. ஒரு இடத்துல கூட.

எத்தனை நிமிஷம்னு கேக்காதியும்.
மேனேஜர் செல்லு வெளிச்சத்தோட ஓடி வந்தான்.
போட்டா ஒண்ணுலதான் போடணும்னு
மூச்சைப் பிடிச்சு எண்ணிக்கிட்டு நின்னேன்.
திருக்குனேன்.
மிஷின் ரெண்டு தடவை இருமிட்டுத்தான் பிடிச்சுது.

பந்தியில எதிர் இலை அவ.
அப்பளத்தை ஒடிச்சா.
"டீசல் இல்லையாமே?"
"இல்லம்மா."
வலது கால் பெஞ்சுக்கடியில ஆடிக்கிட்டே இருந்துச்சு.
"பொய் சொல்லாதிய. ஒண்ணரையில போட்டிய."