மபேனா அண்ட் சன்ஸ்

பெயர்ப்பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்றிருக்கும்.
மகன் ஒருவனும் கிடையாது அவருக்கு.
வாரிசு உள்ள கடைக்குத்தான் வங்கியில் கடன் என்று
யாரோ சொல்லப்போக,
எழுத்துக்கு இவ்வளவெனப் பேரம் பேசி
பெயிண்டரிடம் வாங்கிய மகன்கள்.
புலவாயோ நகரம், ரயில்வே பணிமனைக்குப் பின்புறம்.

நான் அங்கே கணக்கெழுதினேன்:
எத்தனை தட்டு ரொட்டி, எவ்வளவு ஈஸ்ட், தீய்ந்தது எத்தனை.
சனிக்கிழமைகளில் மைதானத்தில் ஸ்கோர் எழுதினேன்.
இரண்டுக்கும் ஒரே பென்சில்.

பெகிம்பிலோ மபேனா
வாழ்நாளில் ஆடியது ஒரே பந்து.
மிஷன் பள்ளியில், பதின்மூன்று வயதில்.
அது முன்பல்லில் பட்டது.
“அவுட்டா இல்லையா,
இன்னும் ஒருத்தனும் சொல்லவில்லை” என்பார்,
உதட்டைத் தூக்கி
இடைவெளியைக் காட்டி.

அவரை எப்படி சங்கத் தலைவராக்கினார்கள்?
ஏழுக்கு ஆறு ஓட்டு.
ஏழாவதாகக் கை தூக்கியவர் பிறகொரு நாள் சொன்னார்:
லாரி வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

விலைகளுக்குப் பின்னால்
முட்டைகள் முளைத்துக்கொண்டே போன வருடம் அது.
காலையில் ஒரு ரொட்டி சில கோடி.
மதியம் சாக்பீஸைத் தேடி எடுப்பதற்குள்
இன்னும் இரண்டு முட்டை.
சாக்பீஸும் தீர்ந்த அன்று
மைதானத்து ஸ்கோர் பலகையிலிருந்து
பூஜ்யத் தகடுகளைக் கழற்றி வந்து
கடைவாசலில் மாட்டினோம்.
அந்த வாரம் எங்கள் தொடக்க ஆட்டக்காரன்
முட்டை போட்டுவிட்டுத் திரும்பினான்.
காட்டத் தகடில்லை.
அவன் பெயருக்கு எதிரே வெறும் ஆணி.
நின்று பார்த்து, எனக்கு
மெதுவாகக் கைதட்டி நன்றி சொன்னான்.

ஆட்டச் சம்பளம்: ஆளுக்கு ஆறு ரொட்டி.
அரைசதம் அடித்தால் ஒரு புட்டி சமையல் எண்ணெய்.
நாற்பத்தெட்டில் எல்.பி.டபிள்யூ கொடுத்த அம்பயர் வீட்டுக்கு
ஆட்டக்காரனின் மனைவி நேரே போனாள்,
காலிப் புட்டியோடு.

அக்டோபர். ஜக்கரண்டா பூத்து
தெருவெல்லாம் ஊதா.
ஒன்பது மாதமாக ஒரு துளி இல்லை.
மறுநாள் தலைநகர் அணியோடு ஆட்டம்,
பிட்ச் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.
இரவு பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று.
இருப்பது ஒரு ஜெனரேட்டர்.
அடுப்புக்கா, ஆழ்குழாய் மோட்டாருக்கா?

மாட்டின் விலாவைத் தடவுவதுபோல
அதைத் தடவியபடி நின்றார்.
நான் ரொட்டிக் கணக்கைச் சொன்னேன்: ஆயிரத்து எண்ணூறு.
கேட்டுக்கொண்டார்.
பிறகு, “லாரியில் ஏற்றுங்கள்.”

விடிகாலை வரிசையில் முதல் ஆள் மாங்வென்யா.
“எங்கள் வயிற்றில் அடித்துவிட்டு
எதற்குத் தண்ணீர் விட்டீர்கள்?”
“புல்லுக்கு.”
“அப்படியானால் வெட்டிக் கொடுங்கள், தின்கிறோம்.”

கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்,
ஒன்றும் பேசவில்லை.
பிசைந்து வைத்திருந்த மாவைக் கிள்ளிக் கிள்ளி
அவரவர் பையில் போட்டார்,
வீட்டு விறகில் சுட்டுக்கொள்ளட்டும் என்று.
விலையை எழுத விடவில்லை என்னை.

ஆட்டம் பதினோரு ஓவர் நடந்தது.
பன்னிரண்டாவதில்
இடித்துக்கொண்டு வந்தது மழை.
தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள்.
பந்து வீச்சாளன் வாயைத் திறந்து
வானத்தைப் பார்த்து நின்றான்.
ஊரே நனைந்தது.
லாரிக்குள் ஒருவர் மட்டும்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்கோர் புத்தகத்தில் எழுதினேன்: கைவிடப்பட்டது.
கடைக் கணக்கில்: டீசல் நாற்பது லிட்டர்,
மழை நாளில் தண்ணீர் பாய்ச்சிய வகையில்.
அதைப் படித்துத்தான் சிரித்தார்,
அந்த இடைவெளி தெரிய.

அடுத்த தேர்தலில் எட்டுக்கு ஐந்தில் தோற்றார்.
வந்தவரிடம் இரண்டு லாரி.

சனிக்கிழமைகளில் இப்போதும் வருகிறார்.
என் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்து
பொட்டலத்தைப் பிரித்து, பாதியை நீட்டுகிறார்.
“என் பந்து என்னப்பா ஆயிற்று?”

மட்டையில் படவில்லை. காலில் படவில்லை.
பல்லுக்கு என் புத்தகத்தில் குறியில்லை.
நேற்று, அவர் பார்க்காதபோது,
கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி
நேரே ஒரு புள்ளி வைத்தேன்.