ஆறுக்குப் பின் ஐந்து

ஆறரை மணிக்கு நான் மண்டியிட வேண்டும்.
சாமிக்கு அல்ல, கணப்புக்கு.
பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலை வேர்தான் விறகு,
எப்போதும் ஈரம்.
யாரும் பார்க்காதபோது ஒரு வாய் மண்ணெண்ணெய்.
பில்லில் மெனேஜர் எழுதுவார்:
நெருப்பு, ஒன்று, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.

ஊதக்காட்டுத் தோட்டத்துப் பெரிய பங்களாவில்
இப்போது துரை இல்லை, விருந்தாளிகள்.
கல்லைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.
திராட்சைக் கொடி, இரண்டு சிங்கம்,
நடுவில் கன்னம் உப்பிய ஒரு பையன் தலை.
காற்றாம் அவன். ஊதுகிறானாம்.
மருதாயியிடம் சொன்னேன்.
ஊதுகுழலைக் கீழே வைக்காமலே
"ஈர விறகுக்கு அந்தப் பயல் சரிப்பட மாட்டான்" என்றாள்.

"லண்டனிலிருந்து கப்பலில், ஏழு பெட்டி" என்பார்
ரொஷான் மாத்தயா.
கப்பலோடு கதை முடிந்துவிடும்.
நானுஓயா ஸ்டேசனிலிருந்து இங்கே ஒன்பது கட்டை,
முழுக்க ஏற்றம்.
பெட்டிகளுக்குக் கால் முளைத்திருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் புகை திரும்பி
ஹோல் முழுக்க இருமல்.
உள்ளே தலையை விட்டேன்.
குருவிக்கூடு, காய்ந்த வௌவால்.
டோர்ச்சைத் திருப்பினால்
கல்லின் முதுகில் உளிக் கீறல்:
க. உ.
யாரோ தன் பேரைத் தொடங்கிப்
பாதியில் விட்டதாய் நினைத்தேன்.
அப்புறம் கரி மூடிய இரண்டு கல்.
அதற்கப்பால் சு. பிறகு ரு.
மூன்று நாள் அந்த நாலு எழுத்துக்குள்
ஒரு ஆளைத் தேடினேன்.
அப்படி ஒரு பேர்
எந்த செக்ரோலிலும் இருந்திருக்காது.

காமன் கூத்துக்குப் பழைய ஏட்டைப் புரட்டும்போது
பக்க மூலையில் அதே க, அதே உ.
எண்கள்.
எந்தக் கல்லுக்குப் பின் எந்தக் கல் என்று
சுமந்தவன் தனக்காகப் போட்டது.
ரு என்றால் ஐந்து. சு, ஆறு.
ஐந்தின் இடத்தில் ஆறு நிற்கிறது!

அதுதான், வலப்பக்கக் கொடி
பழக்கொத்துக்குப் போகாமல்
சிங்கத்தின் காதுக்குள் நுழைகிறது.
துடைக்கும் துணி தினமும் அங்கேதான் சிக்கும்.
பதினொரு வருசமாய்
வெள்ளைக்காரச் சிங்கம் அப்படித்தான் போலும் என்றிருந்தேன்.

மழையோ,
துரையின் அவசரமோ,
விரல் விறைத்துப் போனதோ,
இல்லை, சும்மாதான் மாற்றி வைத்தார்களோ.

நேற்று ஒரு அம்மா கிட்டப் போய்
அந்தக் காதை மட்டும் படமெடுத்தாள்.
"என்ன கற்பனை!" என்றாள்.
மெனேஜர் தலையாட்டினார்.
நான் வேரைப் புரட்டிப் போட்டேன்.
நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.