ஏழாவது நகல்

பகலில் நான் திட்டப் பிரிவில் தட்டச்சு செய்பவள்.
பிர்னோ, திருகாணி ஆலை, மூன்றாம் மாடி.
எடைக் கணக்கில் இலக்கு வந்த ஆண்டு
பெருவிரல் தடிமனில் திருகாணிகள் குவிந்தன.
எண்ணிக்கைக் கணக்கில் வந்த ஆண்டு
ஊசியாய் இளைத்தன.
இரண்டு ஆண்டும் நான் அடித்தது
நூற்று நான்கு சதவீதம்.
என் சமையலறைக் கதவு மட்டும்
கம்பி முறுக்கித்தான் நிற்கிறது.

இரவில்
இயந்திரத்துக்கு அடியில் போர்வையை மடித்து வைப்பேன்.
வெங்காயச் சருகு போல் ஏழு தாள்,
இடையிடையே கார்பன்.
ஆணி அறைவதுபோல் அறைந்தால்தான்
ஏழாவதில் எழுத்து விழும்.
கீழ்வீட்டு ஷிகுலாவுக்குப் பாம்புச் செவி.
அவன் வானொலியைத் திருகும் வரை காத்திருப்பேன்.

கட்டுரை முனைவர் யாரோமிருடையது.
பல்கலைக்கழகம் துரத்திய பின்
கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறார்.
நகக்கண்ணில் கரி,
வாக்கியத்திலோ இன்னும் பட்டமளிப்பு அங்கி.
'மையப்படுத்தப்பட்ட ஒதுக்கீட்டின் அறிதல்சார் போதாமை'
இதை யார் வாசிப்பார்?
டிராம் ஓட்டும் என் தங்கையா?
கேட்காமலே மாற்றி அடித்தேன்:

'யாருக்கு எந்த அளவுச் செருப்பு என்று
ப்ராகில் உள்ள மேசைக்குத் தெரியாது.
கடிக்கும் இடம் காலுக்குத்தான் தெரியும்.
கால் பேசினால் கைது.'

மனிதர் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
நான்காம் நாள் அடுத்த பக்கத்தை நீட்டினார்:
"இதையும் கெடு."

ஒன்பது மாதம் எங்கெங்கோ சுற்றி
ஏழாவது நகல் திரும்பி வந்தது.
ஓரமெல்லாம் பிசுக்கு, நடுவில் ஒரு பீர் வளையம்.
காலைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில்
பென்சிலில், பள்ளிக்கூடக் கையெழுத்தில்:

'உண்மை. ஆனால் முப்பத்தொன்றில்
கடை நிறையச் செருப்பு இருந்தது.
என் அப்பா காலில் சாக்குத்துணி.
அதற்கும் ஒரு பக்கம் எழுதுவீர்களா?'

பெயர் இல்லை. யாரும் போடுவதில்லை.
யாரோமிர் கண்ணாடியைத் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.
"பதில் இருக்கிறது" என்றார். "கொஞ்சம் நீளம்."

அன்றிரவு புதிதாய் ஏழு தாள்.
பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.
பென்சில் வரிகளையும் சேர்த்தே அடித்தேன்.
பதினாறு வருடமாய் அந்த ஆலையில்
சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒருவரும்
'ஆனால்' என்று எழுதிப் பார்த்ததில்லை.

பாதியில்
ஷிகுலா வானொலியை அணைத்துவிட்டான்.
சாக்குத்துணி என்ற சொல்
இன்னும் மூன்று எழுத்து பாக்கி.
மெல்ல அடித்தால் ஏழாவதில் விழாது.

ஓங்கி அடித்தேன்.